‘ஏன்’ என்ற ஊருக்கு அருகே உயிர்விட்ட பேட்டரிகள்

முதல் நாள்

அரிசோனாவின் சாண்ட்லரிலிருந்து காலை 10 மணிக்குக் கிளம்பி, கிலா பெண்ட், அஜோ வழியாகத் தெற்கே இறங்கி, மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஆர்கன் பைப் கள்ளிக்காட்டுக்கு மாலை 3 மணி அளவில் வந்து சேர்ந்தோம். தூரம் ஏறக்குறைய 140 மைல்தான். 25 அடி நீளமுள்ள எங்கள் பழைய மோட்டார்ஹோமை மணிக்கு 60 மைலுக்கு மேல் ஓட்ட எனக்கு மனம் வருவதில்லை என்பதால், வழியில் நின்று சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து இவ்வளவு ஆயிற்று.

வண்டியைப் பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மோட்டார்ஹோமில் மின்சாரத்துக்கு இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. எஞ்சினைக் கிளப்பவும் முன்விளக்குகளுக்கும் ஒரு பேட்டரி. அதை நாங்கள் வண்டிப் பேட்டரி என்போம். பின்பக்கத்து வீட்டில் எரியும் விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி ஆகியவற்றுக்கு வாசற்படிக்கு அடியில் பக்கத்தில் பக்கமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். அவை வீட்டுப் பேட்டரிகள். சமையல் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டிக்கும் அதன் மூளையாகிய சிறு மின்பலகைக்கு வீட்டுப் பேட்டரி வேண்டும். நான்கு கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றும் வண்டியின் வயிற்றில் இருக்கிறது. அதைக் கிளப்பும் மின்சாரமும் வீட்டுப் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும்.

சென்ற மார்ச் மாதத்துக்குப் பிறகு இது முதல் பயணம். பத்து மாதங்களாக வண்டி வீட்டு வாசலில், வீட்டு மின்சாரத்தில் செருகப்பட்டபடியே நின்றது. ஆகவே பேட்டரிகள் நிறைந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவருகே உள்ள காட்டியிலும் நான்கு விளக்குகளும் எரிந்தன. காலையில் சாமான்களை ஏற்றும்போது வண்டிக்குள் இலேசாக அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதாக மனைவி சொல்லி, நல்ல முட்டைகள் மூன்றைக் குப்பையில் போட்டார்.

நாங்கள் தங்கியிருக்கும் ட்வின் பீக்ஸ் முகாமில் 208 இடங்கள் உண்டு. எதிலும் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டருக்கு அனுமதியுள்ள வரிசைகளிலும் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டுமே ஓட்டலாம். இன்று அதற்குத் தேவை எழவில்லை. தரையிலிருந்து கிளைகள் கொத்தாக எழும் கள்ளிகளின் மேல் வெயில் சாய்வதைப் பார்த்துவிட்டு, ஹீட்டரை 18 டிகிரியில் வைத்துப் படுத்தோம்.

இரண்டாம் நாள்

இரவு 2 மணிக்கு விழித்தேன். ஹீட்டரின் விசிறி, கிழவர் மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அடுப்பு பற்றவில்லை. விசிறி போதிய வேகத்தில் காற்றைத் தள்ளினால்தான் எரிவாயு வால்வு திறக்கும் என்பது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. விளக்கைப் போட்டால் மஞ்சள் கரைந்தது போன்ற வெளிச்சம். எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி அரை நிமிடத்துக்கு ஒரு முறை கிரீச்சிட்டது. கசிவு எதுவும் இல்லை, மின்சாரம் போதவில்லை என்பதே அதன் புகார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 10.4 வோல்ட். நிறைந்து ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12.1 அளவுக்கு வந்தால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள், 10.4 என்பது தகனம் செய்ய வேண்டிய நிலை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இருக்கும் கம்பளிகளை எல்லாம் போர்த்திக்கொண்டோம். வெளியே 5 டிகிரி.

காலை 8 மணிக்கு ஜெனரேட்டர் நேரம் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஒலி மட்டும். வீட்டுப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரைக் கிளப்ப வீட்டுப் பேட்டரி வேண்டும். இந்த முட்டை கோழிச் சிக்கலுக்கென்றே டாஷ்போர்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்திப் பிடித்தால், வண்டிப் பேட்டரியும் வீட்டுப் பேட்டரிகளும் ஒரு பெரிய ரிலே (மின்சாரத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச்) வழியாகத் தற்காலிகமாக இணைந்துகொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு மனைவி அதை அழுத்தினார்; நான் ஜெனரேட்டர் பொத்தானை அழுத்தினேன். நன்றாகவே சுற்றியது, பற்றிக்கொண்டது, மூன்று விநாடி உறுமியது, நின்றது. மறுபடியும் அதே. பொத்தானில் உள்ள சிறு விளக்கு மினுக்கி மினுக்கிக் குறியீடு சொல்லும். எண்ணிப் பார்த்தால் 36. கையேட்டைத் திறந்தேன். கட்டளை இல்லாமலும் காரணம் தெரியாமலும் எஞ்சின் நின்றுவிட்டது என்று அது பொருள் சொன்னது. அது எனக்கே தெரியும்.

பக்கத்து இடத்தில், வடக்கின் குளிருக்குத் தப்பி ஆண்டுதோறும் இங்கு வரும் ஒரு கனடாப் பெரியவர் தங்கியிருக்கிறார். காப்பிக் கோப்பையுடன் வந்து நின்றவர், முதலில் பெட்ரோல் முள்ளைப் பார்க்கச் சொன்னார். வண்டியின் தொட்டியிலிருந்தே ஜெனரேட்டரும் பெட்ரோல் குடிக்கிறது. ஆனால் அதன் உறிஞ்சு குழாய் தொட்டியின் கால்பங்கு உயரத்தில் நின்றுவிடும். நடுக்காட்டில் ஜெனரேட்டரை ஓட்டியே தொட்டியை வறட்டிவிட்டு ஊர் திரும்ப வழியின்றி நிற்கக் கூடாது என்பதற்காக இந்த முன்யோசனை. எங்கள் முள் கால்பங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிலா பெண்டில் விலை கூடுதல் என்று நான் பெட்ரோல் போடாமல் வந்தது மனைவிக்கு உடனே நினைவு வந்தது.

ஆகவே 22 மைல் வடக்கே சென்று தொட்டியை நிரப்பினோம். அந்த ஊரின் பெயர் ‘ஒய்’ (Why), அதாவது ‘ஏன்’. இரண்டு நெடுஞ்சாலைகள் ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் கூடிய இடம் என்பதால் வந்த பெயர் அது. ஒற்றை எழுத்தை ஊர்ப் பெயராக ஏற்க மாட்டோம் என்று அரசு சொன்னதால் மூன்றெழுத்தாக நீட்டினார்களாம். இரவு முழுக்க ஏன் ஏன் என்று புரண்டவனுக்கு அந்தப் பெயர்ப் பலகையைக் காணச் சிரிப்பு வந்தது.

மாலையில் முகாமுக்கு வந்து மறுபடி முயன்றோம். தொட்டி நிறைய பெட்ரோல். ஜெனரேட்டர் மூன்று விநாடி உறுமி நின்றது. ஆகவே காலையில் செய்த ஊகம் தவறு. அதைவிட மோசமான செய்தி இன்னொன்று. போக வர 44 மைல் ஓட்டியிருக்கிறோம். எஞ்சின் ஓடும்போது, அதோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரே வீட்டுப் பேட்டரிகளுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏற்றியிருந்தால் 13.8 அளவில் காட்டியிருக்க வேண்டிய மீட்டர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 11.4 காட்டியது.

இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் வாசற்படிப் பலகையைத் தூக்கி, பேட்டரிகளின் மூடிகளைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு செல்களில் எட்டில் ஈயத் தகடுகளின் தலை வறண்டு, ஆற்று மணல் போல வெளுத்துத் தெரிந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த ஆண்டுகளில், ஈரோட்டு வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர் என் அப்பா. மிதவை சிவப்புக் கோட்டைத் தொடுமுன் கடைக்கு ஓடியவன் நான். அந்த நான், 43 டிகிரியைத் தாண்டும் பாலைவனக் கோடையில், இரவும் பகலும் சார்ஜரில் செருகிய பேட்டரிகளைப் பத்து மாதம் திறந்துகூடப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். வெயில் பாதி குடித்திருக்கும். நிற்காத சார்ஜ் தண்ணீரை வாயுவாக்கி மீதியைத் தீர்த்திருக்கும்.

குடிதண்ணீரை ஊற்றிவிடலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன். இன்றும் ஹீட்டர் இல்லை.

மூன்றாம் நாள்

ஆல்டர்னேட்டரிலிருந்து வீட்டுப் பேட்டரிக்கு ஏன் மின்சாரம் போகவில்லை என்பதைக் காலையில் இருவருமாகக் கண்டுபிடித்தோம். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த அரை மணி நேரம் அதுதான். எஞ்சின் ஓடியது. நான் வாசற்படியில் குந்தி, மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரி டெர்மினலில் பிடித்துக்கொண்டேன். மனைவி முன்னிருக்கையில் இருந்தார்.

“அழுத்து.”

“அழுத்தியாச்சு.”

11.3 என்றிருந்த எண் 13.5க்குத் தாவியது.

“விடு.”

மறுபடி 11.3. நான்கு முறை செய்து பார்த்தோம், நான்கு முறையும் அதே. பொத்தானை அழுத்தும்போது பெரிய ரிலே மூடிக்கொள்கிறது, கனத்த கம்பிகளில் மின்சாரம் ஓடுகிறது. ஆகவே ரிலேயும் கம்பியும் நன்றாகவே இருக்கின்றன. எங்கள் வண்டியில் அதே ரிலேதான், சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடும்போது தானாகவும் மூட வேண்டும். அது நடக்காததால், சாவி திரும்பியிருக்கிறது என்று ரிலேக்குச் சேதி சொல்லும் மெல்லிய கம்பியில்தான் கோளாறு இருக்க வேண்டும். நேற்று நான் புதிய ரிலே எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்பியை எஞ்சின் பக்கம் விரலால் தடவிப் போனால், பிசுபிசுத்த கறுப்பு நாடாவுக்குள் ஒரு சிறு ஃபியூஸ் கூடு அகப்பட்டது. ஃபியூஸை உருவினேன், அறுந்திருக்கவில்லை. மீட்டரில் வைத்தால் ‘பீப்’ என்று நல்ல சேதியே சொன்னது. ஆனால் அது உட்கார்ந்திருந்த கூட்டின் இரண்டு உதடுகளிலும் பழைய செப்புக்குடத்தின் அடிபோலப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பேனாக்கத்தியின் நுனியால் சுரண்டி, உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து, ஃபியூஸைத் திரும்பச் செருகியதும், பொத்தானை யாரும் தொடாமலேயே 13.5 வந்தது. வந்ததைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வறண்ட தகடுகளின் மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. முதலில் அவை நனைய வேண்டும்.

அஜோ 32 மைல். ஸ்பானிய மொழியில் பூண்டு என்று பொருள்படும் இந்த ஊர், 1985 வரை செம்புச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தது. அந்தப் பெருங்குழி இன்னும் ஊருக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கிறது. செம்பின் களிம்பைச் சுரண்டிய கையோடு செம்பு ஊருக்கு வந்தோம். இங்கே டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேலனும், அமிலத்தின் அடர்த்தியைச் சொல்லும் ஹைட்ரோமீட்டர் ஒன்றும் வாங்கினேன். மின் இணைப்புள்ள ஒரு மோட்டார்ஹோம் முகாமில் இடம் பிடித்து, தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றினேன். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் நீர்மம் உப்பி எழும் என்பதால், கழுத்துவரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பின்னரே. பிறகு கம்பியைச் செருகிவிட்டு, இரண்டு நாளாகக் கிடைக்காத வெந்நீரில் குளித்தோம்.

இரவு 9 மணிக்கு வண்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வண்டியில்தான் முட்டையே இல்லையே! கதவு சன்னல் எல்லாம் திறந்து, சார்ஜரை நிறுத்தி, படிப்பலகையைத் தூக்கினேன். இடப்பக்கத்துப் பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது. வலப்பக்கத்தது கை வைக்க முடியாத சூடு. செல் கெட்ட பேட்டரிக்குள் சார்ஜைத் திணித்தால் வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் இது. முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கத் தக்க வாயு அன்று. வலப்பக்கத்துப் பேட்டரியைக் கழற்றி வெளியே சிமெண்ட் மேசையில் வைத்த பிறகே சார்ஜரைத் திரும்பப் போட்டேன். சாண்ட்லரில் குப்பைக்குப் போன மூன்று முட்டைகளும் குற்றமற்றவை.

நான்காம் நாள்

காலையில் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பேட்டரியின் ஆறு செல்களும் 1.240க்கும் 1.250க்கும் இடையில், முழுச் சார்ஜில் 1.265 இருக்க வேண்டும், எனவே கிழடு தட்டினாலும் நடமாட்டம் உண்டு. வெளியே குளிரில் கிடந்ததில் ஐந்து செல்கள் 1.220 அளவிலும், மூன்றாவது மட்டும் 1.120லும் நின்றன. ஒரு செல் செத்தால் இரண்டு வோல்ட் போயிற்று. செத்த செல்லுள்ள பேட்டரியை நல்ல பேட்டரியோடு இணையாகக் கட்டி வைத்திருந்ததால், கெட்டது இரவெல்லாம் நல்லதைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சார்ஜர் ஓடும்வரை காட்டியில் நான்கு விளக்கும் எரிந்ததற்குக் காரணம், அது காட்டியது பேட்டரியின் பலத்தை அல்ல, சார்ஜரின் பலத்தை.

சட்டைப் பையிலிருந்த ஃபியூஸைச் செருகி, ஒற்றைப் பேட்டரியோடு கிளம்பினோம். கிலா பெண்ட் வரை வந்த வழியே திரும்பி, பிறகு வடக்கே போய் 10ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே சென்று, குவார்ட்ஸைட்டை மாலையில் அடைந்தோம். கோடையில் உறங்கும் இந்தச் சிற்றூர், ஜனவரியில் மோட்டார்ஹோம்களின் திருவிழாக்கூட்டம். சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க வெள்ளை வண்டிகள். பேட்டரி, சூரியத் தகடு, பம்ப் என்று எதையும் இங்கே வாங்கலாம்.

ஊர் இடுகாட்டில் பிரமிடு வடிவக் கல்மேடை ஒன்றும் அதன் உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றும் இருக்கின்றன. 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனச் சுமைக்காக ஒட்டகங்களை இறக்கியபோது கூட வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அது. உள்ளூர் நாக்கில் அவர் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் அவர் இங்கேயே இருந்து 1902இல் இறந்தார். தண்ணீர் இல்லாமல் பல நாள் தாங்கும் வாகனத்தை இவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று, நேற்றுவரை படிக்கு அடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்குத் தோன்றியது.

இரவுக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஹீட்டர் விசிறி ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கிறது. பத்து மணி நேர இரவில் மூன்றில் ஒரு பங்கு ஓடினால் 23 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரி புதிதாக இருந்தபோது 80. அதில் பாதிக்கு மேல் எடுப்பது அதற்கு நல்லதல்ல. கிழட்டு ஒற்றைப் பேட்டரிக்கு இது எல்லைக்கோடு என்பதால் ஹீட்டரை 13 டிகிரிக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள்

காலையில் 12.1 வோல்ட். தாங்கிவிட்டது.

பேட்டரிக் கடையில் 6 வோல்ட் கோல்ஃப் வண்டிப் பேட்டரிகள் இரண்டைத் தொடராகக் கட்டச் சொன்னார்கள். தகடுகள் தடித்தவை, ஆயுள் கூடுதல், கொள்ளளவும் கூடுதல், நானும் ஆசைப்பட்டேன். ஆனால் அவை 11 அங்குல உயரம், எங்கள் வாசற்படிக்கு அடியில் பத்துக்கும் இடமில்லை. லித்தியம் வாங்கினால் பழைய சார்ஜரையும் மாற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரும் அதன் பசிக்குத் தாங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஆகவே பழைய அளவிலேயே இரண்டு புதியவை. கிழட்டுப் பேட்டரி ஓரளவு நன்றாக இருந்தும் அதையும் மாற்றினேன். புதியதைப் பழையதோடு கட்டினால் பழையது புதியதைத் தன் வயதுக்கு இழுத்துவிடும். கம்பிகளைக் கழற்றுமுன் புகைப்படம் எடுத்து, நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டினேன்.

மீதி ஜெனரேட்டர். முகாம்களுக்கே வந்து பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் மதியம் வந்தார். நிறுத்து பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பெட்ரோல் பம்ப் டக்டக்கென்றது. குழாயைக் கழற்றினால் பெட்ரோல் நன்றாகவே வந்தது. காற்றுத் துளையில் கார்புரேட்டர் கிளீனரை ஒரு பீச்சு பீச்சிக் கிளப்பினார். அது தீரும்வரை ஓடி நின்றது. ஆக, பொறியும் உண்டு, பெட்ரோலும் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடியில் பழைய வார்னிஷ் போலப் பழுப்புநிறப் பிசின் உறைந்து கிடந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. பத்து மாதம் ஓட்டாமல் விட்டதால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, கசடு மட்டும் தங்கி, ஊசிமுனை அளவுள்ள ஜெட் துளையை அடைத்துவிட்டது. அதை ஊறவைத்து, ஒற்றை இழைக் கம்பியால் குத்தித் துடைத்து மாட்டியதும், ஜெனரேட்டர் ஏறி இறங்கி ஊளையிட்டுப் பிறகு சீரான குரலுக்கு வந்தது. மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம், சும்மா ஓடவிடாமல் பாதிச் சுமை கொடுத்து ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகு உள்ளே போய் மைக்ரோவேவைத் தட்டினேன். உயிர் இல்லை. மின்கூடுகளில் பூஜ்யம். வெளியே ஜெனரேட்டர் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஒரு வோல்ட்கூட இல்லை. பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கையேட்டைப் புரட்டினேன். மெக்கானிக்கைத் திரும்ப அழைக்கலாமா என்று போனைக் கையில் எடுத்தபோது மனைவி கேட்டார்: “முகாமில் கரண்டுக்குச் செருகுவோமே, அந்தத் தடித்த கம்பி, அது இப்போது எங்கே செருகியிருக்கிறது?”

அது பக்கவாட்டுப் பெட்டியில் சுருண்டு கிடந்தது. எங்கள் வண்டியில் ஜெனரேட்டருக்கும் வெளிமின்சாரத்துக்கும் தானாக மாறும் சுவிட்ச் கிடையாது; வெளியே செருகும் அதே கம்பியை, பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஜெனரேட்டரின் கூட்டில் நாம்தான் செருக வேண்டும். செருகினேன். மைக்ரோவேவில் கடிகாரம் மினுக்கியது.

குளிர்பெட்டியில் இட்லி மாவு புளிக்காமல் பத்திரமாக இருந்தது. இரண்டு இரவுகளின் குளிருக்கு அந்த நன்றி. எரிவாயு அடுப்பில் இட்லிக்கொப்பரையை ஏற்றிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியில் மனைவி தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டுத் திருகினார். வெளியே ஜெனரேட்டரின் குரல் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்தது. நான் மின்கூட்டில் மீட்டரைப் பிடித்தபடி நின்றேன்: 118 வோல்ட்.